இறக்கிவிட்ட ஷட்டர்

ஒரு காலத்தில் நான் இருமினால் போதும், மூன்று தெருக்களில் கடை ஷட்டர்கள் தாமாகவே இறங்கும். நாலாவது தெருவில் மட்டும் இறங்காது. அங்கே கிரீஸ் போட்டு நாளாகியிருந்தது.

சிரிக்காமல் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. இந்த எழுபத்தொரு வயதுவரை இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கேட்டவர்களில் நம்பாதவள் ஒரே ஒருத்தி, இதோ பக்கத்து நாற்காலியில் இருக்கும் என் மகள். "நீங்க ஷட்டர் ரிப்பேர் பண்ணவருப்பா. வாய்க்கும் ஒண்ணு மாட்டிக்கங்க" என்பாள்.

அவள் சொல்வதுதான் சரி. முப்பத்தாறு வருடம் ஷட்டர்களுக்கு ஸ்பிரிங் மாற்றினேன். இந்தக் கட்டைவிரல் வளைந்தது என் கவனக்குறைவால். ஆனால் ஓய்வுபெற்றவனின் கவனக்குறைவை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? அதனால் எனக்கு ஒரு அடியாள் கூட்டம் இருந்ததாகச் சொன்னேன். முதலில் ஏழு பேர்தான். பேரன் கண்ணை அகல விரித்ததும் நாற்பது ஆனார்கள்.

பேரனுக்குப் பதினாறு வயது. அவன் போய்ச் சேர்ந்த அடிதடிக் கூட்டத்துப் பையன்கள் நாலு பேர் எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் மகளைக் கூப்பிட்டு, வீட்டில் யாராவது அவனோடு மனம்விட்டுப் பேசுங்கள் என்றார்கள். அவளுக்குத் துணி ஆலையில் இரண்டு ஷிப்ட். "நீங்க சொன்னா கேப்பான்ப்பா" என்று என்னிடம் விட்டாள்.

அந்தப் பையன்கள் என்னை 'அண்ணே' என்றார்கள். வேலையில் இருந்தபோது முதலாளி என்னை 'ஏய் ஷட்டரு' என்றுதான் கூப்பிடுவார்.

போன மாதம் ஒரு சாயங்காலம், அவர்கள் நடுவில் உட்கார்ந்து பேரன் கேட்டான். "தாத்தா, உங்க கூட்டத்துல எவனாவது போதும்னு விலகினா விட்டுடுவீங்கல்ல?"

நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டான். எனக்கு அப்போதே புரிந்தது. இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, அப்போதே புரிந்தது. கூட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த 'அண்ணே' போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் நாலு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எனக்கு டீ வேறு வாங்கி வந்திருந்தான்.

"விடறதாவது" என்றேன். "விலகினவன் வலது கைய வாசப்படியில வச்சு, ஷட்டர இறக்கி விட்டேன். அதுக்கப்புறம் ஒருத்தனும் விலகல."

தொழில் தெரிந்தவன் அல்லவா, எத்தனை கிலோ எடை இறங்கும் என்றுகூடச் சொன்னேன். டீ நன்றாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் பேரன் விலகினான். என் பேச்சைக் கேட்காமல் நடந்தவன் அவன் ஒருவன்தான். கேட்டு நடந்தவர்கள் மற்ற நாலு பேர். தெருமுனையில் மூடிக் கிடக்கும் கிடங்கின் ஷட்டர் அது. அதற்கு ஸ்பிரிங் மாற்றியதும் நான்தான்.

ஆஸ்பத்திரியில் பேரன் முனகிச் சொன்னது நிஜமா, தாத்தாவின் கதையா என்று கேட்கிறீர்கள். நான் சொன்னால் எடுபடாது. இவளைக் கேளுங்கள்.

மகள் என் பக்கம் திரும்பவில்லை.

"நடந்துச்சு சார். வாசப்படி, வலது கை, எல்லாம் அப்பா சொன்ன மாதிரியேதான். போன செவ்வாய்க்கிழமை."