ஃபிட்டரின் ஃப்ளாஸ்க்

துவாக்குடியிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் சாயங்கால பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். காக்கிச் சட்டை போட்டிருந்தவர் சொன்னார்:

"இந்த வாரம் பட்டறைக்கு நான்தான் சூப்பர்வைசர். அதனால எல்லாரோட டீ டம்ளரையும் நான்தான் கழுவணும்."

"சூப்பர்வைசர் போயி டம்ளர் கழுவுறதா?"

"வாரம் ஒருத்தர்னு முறை வச்சிருக்கோம். பொறுப்பு யாருக்கோ, டம்ளரும் அவங்களுக்குத்தான்."

"நீங்க அங்க பெருக்கத்தானே சேந்தீங்க?"

"ஆமா. அப்புறம் ஆறு மாசம் பக்கத்துல நின்னு, கையால செஞ்சு செஞ்சு வெல்டிங் பழகினேன். முறையில என் பேரையும் சேத்துட்டாங்க."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"ஃபிட்டர் ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லல. போன தடவை என் முறை வந்தப்ப, வீட்டுலேருந்து ஃப்ளாஸ்க்ல டீ கொண்டாந்துட்டார். நான் கழுவின டம்ளர்ல குடிக்க மாட்டாராம். அடுத்த வாரமே அவர் முறை வந்துச்சு. என் டம்ளரையும் அவர்தானே கழுவணும். கழுவினார்."

"இந்த வாரம்?"

திருவெறும்பூரில் கூட்டம் ஏறியது. காக்கிச் சட்டைக்காரர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கும் ஃப்ளாஸ்க் வந்துச்சு. ஆனா அதத் தொறக்கவே இல்ல; பட்டறை டீயத்தான் நான் கழுவின டம்ளர்ல குடிச்சார். அவர் அந்தப் பக்கம் போனதும் ஃப்ளாஸ்க்கைத் தூக்கிப் பாத்தேன். காலி."