அப்பா உட்கார்ந்தால் ஸ்டார்ட் ஆகும் ஜீப்

"அப்பா ஏறி உக்காந்தாத்தான் எங்க ஜீப் ஸ்டார்ட் ஆகுதுண்ணே. நான் தனியா போனா பாதி நாள் சாவியத் திருப்பினா சத்தமே வராது."

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில், என் பக்கத்து சீட்டுப் பெண் பின்னால் திரும்பி, தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"பழைய ஃபோர் வீல் டிரைவ் ஆச்சே. பேட்டரி எங்க கீது?"

"அப்பா உக்கார்ற சீட்டுக்கு அடியில."

"ஒயரு லூசா கீதுமா. அவரு ஒக்காந்தா சீட்டு அமுங்கி ஒயரு ஒட்டிக்குது. டைட் வெச்சா சரியாப்பூடும்."

"ஆனா ஒரு மாசமா அவர் உக்காந்தாலும் சில நாள் ஸ்டார்ட் ஆகலையே."

"சீட்டு மாத்துனீங்களா?"

"இல்ல."

மெக்கானிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நைனா எளைச்சிட்டாரா மா?"



"பெல்ட்டுல இன்னொரு ஓட்டை போட்டுக் குடுன்னாரு. போட்டுக் குடுத்தேன். வயசாகுதேன்னு நினைச்சேன்."

"துன்றாரா?"

"பாதி சோத்தத் தட்டுலயே வச்சிடுறாரு."

"வண்டிய நான் சாயங்காலம் வந்து பாக்குறேன். நீ மொதல்ல அவர டாக்டராண்ட இட்டுகினு போ."

அவள் கைபேசியை எடுத்தாள்.

"அப்பா, நான் லீவு சொல்லிட்டுத் திரும்பி வரேன். சட்டை மாத்திட்டு இருங்க. ஆட்டோல போலாம்."

மறுமுனையில் அவர் ஏதோ கேட்டார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள்.