ஊசிக்கு முன்னே நுரையீரலைக் கேளுங்கள்

பேச வருவோரைக் கைக்கடிகாரத்தாலும் கண்ணசைவாலும் கட்டி மேய்க்கும் பன்றி வளர்ப்போர் சங்கத் தலைவர் அவர்களே! கொட்டில் கழுவிய ஈரம் காயுமுன்னே இங்கு குழுமியிருக்கும் பெரியோர்களே! பண்ணையின் பாரத்தைத் தோளில் தாங்கி, அதன் பெருமையைப் பிறருக்கு விட்டுக்கொடுத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவள் நான். பன்றியோடு வாழ்கிறவர்கள் நீங்கள். அதன் நுரையீரல் துண்டோடு வாழ்கிறவள் நான். பின்வரிசையில் யாரோ இருமுகிறார்கள். அஞ்ச வேண்டாம் ஐயா, நான் பன்றிக்கு மட்டும்தான் மருத்துவர்!

இருமல் என்பது என்ன? நோயா? இல்லை, நோயின் குரல். குரலைக் கேட்டு ஆளைச் சொல்லிவிட முடியுமா? தூசியும் இருமச் செய்யும், புழுவும் இருமச் செய்யும், கிருமியும் இருமச் செய்யும். அந்தக் கிருமியிலும் எந்தக் கிருமி என்று கேட்பதற்குத்தான் ஆய்வகம். ஆனால் நாம் கேட்கிறோமா? கேட்பதற்கு முன்னே குத்திவிடுகிறோம்!

ஒரு பண்ணை. அண்ணன், தங்கை இருவர் நடத்துவது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, வரிசையாய்க் கொட்டில்கள். குளிருக்குப் பயந்து சாக்குத் திரைகளை இறுக்கி இறக்கிவிட்டார்கள். காற்று நின்றது, இருமல் எழுந்தது. அண்ணன் சுறுசுறுப்பானவர். குளிர்பெட்டியில் மருந்துப் புட்டி எப்போதும் தயார். ஒரு பன்றி இருமினால் அந்தக் கொட்டிலுக்கே ஊசி. இருமல் அடங்கும், ஊசியும் நிற்கும். மறுபடி இருமல் வரும், மறுபடி ஊசி. கடைசியில் மூக்கில் இரத்த நுரையோடு ஒரு பன்றி விழுந்தபோதுதான், அதன் நுரையீரலைப் பனிக்கட்டியில் வைத்து என்னிடம் எடுத்து வந்தார்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும், இரத்தம் கலந்த ஊட்டத்தட்டில் அதைத் தீற்றி வைத்தோம். ஒன்றும் வளரவில்லை.

"பாத்தீங்களா டாக்டரம்மா! கிருமியே இல்ல. நம்ம பண்ணை சுத்தம்!" என்றார் அவர்.

"சுத்தமானது தட்டுதாங்க, பண்ணை இல்ல" என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல செய்தி கிடைத்த மனிதன் வேறு செய்தியைக் கேட்பானா?

நடந்தது இதுதான். அரைகுறையாய்ப் போட்ட மருந்து கிருமியைக் கொல்லவில்லை, அடக்கி வைத்தது. அடங்கிய கிருமி என் தட்டில் வளராது. உங்கள் கொட்டிலில் வளரும். திருடனுக்கு நாமே முக்காடு போட்டுவிட்டு, திருடனைக் காணோம் என்று தேடினால் அகப்படுவானா?

சாவு தொடர்ந்தது. அண்ணன் மறுபடி வந்தார், இம்முறை தங்கையோடு. நான் சொன்னேன்: இன்று காய்ச்சல் கண்ட பன்றி வேண்டும், ஊசி படாத பன்றி வேண்டும், அதை வலியின்றி உறங்க வைத்து நுரையீரலைப் பார்க்க வேண்டும்.

"அந்த நோஞ்சானை எடுத்துக்குங்க, எப்படியும் சாகப்போறதுதானே" என்றார் அண்ணன். நோஞ்சானின் உடம்பில் இரத்தத்தைவிட மருந்து அதிகம். அது எனக்கு எதைச் சொல்லும்?

என்னம்மா? முன்வரிசையில் இருந்து, மூக்கில் பஞ்சு வைத்து மாதிரி எடுக்கக் கூடாதா என்கிறீர்களா? நல்ல கேள்வி. நலமான பன்றியின் மூக்கிலும் கிருமி குடியிருக்கும் தாயே. வாசலில் நிற்பவனெல்லாம் வீட்டுக்குள் திருடியவன் ஆவானா?

அந்தப் பண்ணையில் ஊசி படாத பன்றி ஒன்றே ஒன்று இருந்தது. கடைசிக் கொட்டிலில் ஓர் இளம் பெண்பன்றி. வருங்காலத் தாய்ப்பன்றி என்று தங்கை தேர்ந்தெடுத்து வளர்த்தது. பெயர் 'மகாராணி'. அண்ணனின் ஊசியை அதன் பக்கம் அவள் அண்டவிட்டதே இல்லை. அன்று காலைதான் அதற்குக் காய்ச்சல். காக்கவென்று ஒதுக்கி வைத்ததே, கொடுக்கத் தக்கதாய் நின்றது.

"வேணாம்மா, வேற ஏதாவது பாப்போம்" என்றார் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"வேற எது இருக்கு சொல்லு? மத்ததெல்லாம் சாகட்டுமா?" என்றாள் அவள். கயிற்றை அவளே எடுத்து வந்தாள்.

நுரையீரலைத் திறந்தேன். கருஞ்சிவப்பாய், ஈரல்போல் கெட்டிப்பட்ட திட்டு; மேலே பாலாடைபோல் படலம். நோயும் நலமும் சந்திக்கும் ஓரத்தில் ஒரு துண்டு எடுத்தேன். இம்முறை தட்டு நிறைய வளர்ந்தது! எந்தக் கிருமி என்று தெரிந்தது. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்க, தட்டில் மருந்து வில்லைகளை வைத்தோம். அண்ணனின் மருந்தைச் சுற்றிக் கிருமி விலகியது நகக்கண் அளவு. இன்னொரு மருந்தைச் சுற்றி விலகியது அகன்ற வட்டம். மருந்தை மாற்றினோம், முழு அளவு போட்டோம், திரைகளை உயர்த்தினோம். கொட்டில்கள் அமைதியாயின.

கைதட்டாதீர்கள். கதை இன்னும் முடியவில்லை.

முடிவைச் சொல்ல நான் தொலைபேசியில் அழைத்தபோது தங்கைதான் எடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒன்று கேட்டாள்: "டாக்டரம்மா, மொத பன்னி இருமினப்பவே, ஊசி போடாம உங்ககிட்ட கொண்டாந்திருந்தா, என் மகாராணியைக் கொடுத்திருக்க வேண்டாமில்ல?"

அன்பர்களே! கிருமிக்குப் பெயர் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். உணர்ச்சி என் வேலையில் சேர்ந்ததில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டதும் கையிலிருந்த முடிவுத்தாளைக் கவிழ்த்து வைத்தேன். ஆறுதலாய் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஆமாம்மா" என்றேன்.

அவள் மெல்ல வைத்துவிட்டாள்.

ஊசிக்கு முன்னே மாதிரி எடுங்கள்! முதல் இருமலிலேயே எடுங்கள்! உங்களில் எவருக்கும், எந்நாளும், அந்த 'ஆமாம்' என்ற ஒரு சொல்லை நான் மீண்டும் சொல்லும்படி ஆக வேண்டாம். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைப் பார்க்க மறந்த தலைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.