ஃபிரடியின் முதல் பெடல்

காலை ஷிப்ட் உள்ள நாட்களில் நான் காபி குடிப்பதில்லை. குடித்தால் கை லேசாக நடுங்கும். ஈயம் பற்ற வைக்கிற சால்டரிங் கோலைப் பிடிக்கும் கை நடுங்கக் கூடாது. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ரேடியோ போர்டு செய்யும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஜூலி தொட்ட போர்டு பழுதென்று திரும்பி வராது என்று என்னைப் பற்றிச் சொல்வார் சூப்பர்வைசர் கோதண்டம். அந்த மனுஷர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அபூர்வம் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

என் தம்பி ஃபிரடி கிடார் வாசிப்பான். அம்மா இறந்துபோனபோது அவனுக்குப் பதினொரு வயது, எனக்கு இருபது. அப்பா அதற்கு முன்பே பம்பாயில் வேலை என்று ஒரு பெட்டியோடு கிளம்பியவர். இரண்டு கடிதம் வந்தது, பிறகு அதுவும் இல்லை. மணிமங்கலம் வீட்டில் மிஞ்சியது நாங்கள் இருவர்தான். பெண் கேட்டு வந்தவர்களிடம், தம்பி தலையெடுக்கட்டும் என்றேன். அவன் தலையெடுத்த பிறகு யாரும் கேட்டு வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

1991 ஈஸ்டர் முடிந்த வாரம், காலால் மிதித்தால் கிடார் சத்தத்தை உறும வைக்கும் பெடல் ஒன்றை வீட்டிலேயே செய்யலாம் என்று ஒரு தாளோடு வந்தான். யாரோ பத்திரிகையிலிருந்து கையால் வரைந்து கொடுத்த சர்க்யூட். ஒரு பழைய இரும்புச் சுவிட்ச் பெட்டியைக் கழுவிக் காய வைத்து, அதற்குள் எல்லாவற்றையும் நான் பற்ற வைத்தேன். கடைசியில் கிளிப்பிங் என்கிற சின்னப் பகுதி மட்டும் பாக்கி. இரண்டு டயோடு, தலைமாற்றி வைக்க வேண்டும். கிடாரின் சத்தம் ஏறி இறங்கி வரும்போது ஒன்று மேல்பக்கத்தை அளவாக வெட்டும், மற்றது கீழ்ப்பக்கத்தை. வெட்டுப்பட்ட சத்தம்தான் உறுமும். மெல்லத் தட்டினாலும் நெடுநேரம் இழுத்து நிற்கும்.

"இத மட்டும் நான் வைக்கிறேன்க்கா. என் பெடல்னு சொல்லிக்க நானும் எதுனா பண்ணியிருக்கணும்ல" என்றான்.

விரலைச் சுட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே வைத்தான். ஈயம் உருண்டை உருண்டையாக அசிங்கமாக இருந்தது, ஆனால் சரியாகப் பிடித்திருந்தது. முதல் முறை கம்பியைத் தட்டியபோது வீடே அதிர்ந்தது. நானும் கை தட்டினேன். அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

சாப்பிடும்போதுதான் சொன்னான். "கல்யாணக் கச்சேரி நடத்துற ஜோயல் அண்ணன் ட்ரூப்ல ஆள் எடுக்கிறாரு. குன்றத்தூர் கல்யாணத்துல வாசிச்சுக் காட்டணும். தேறிட்டா மெட்ராஸ்லயே தங்கிக்கணும்க்கா. நீயும் வேணா அப்பாலிக்கா வந்துடு."

வேணா. அந்த ஒரு சொல்லை எண்ணிக்கொண்டே அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

எங்கள் லைனுக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாளே ஒன்றைக் காட்டுவோம். டயோடின் கம்பிக் காலைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் மேலே ஈயத்தை விட்டால், பார்க்க மினுமினுவென்று இருக்கும். உள்ளே கால் பிடித்திருக்காது. அசையாத வரை வேலை செய்யும், அதிர்ந்தால் விட்டுவிடும். இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஃபிரடி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தபோது அந்தப் பெட்டியைத் திறந்தேன். அவன் வைத்ததை எடுத்துவிட்டு, சுரண்டாத வேறு இரண்டு டயோடின் மேல் அதே மாதிரி அசிங்கமான உருண்டை ஒன்றை வைத்தேன். அழகாக வைத்தால் சந்தேகப்படுவான்.

வீட்டில் பெடலை வெறுங்காலால் அமுக்குவான். மேடையில் ஷூ போட்டு மிதிப்பான். குன்றத்தூரில் இரண்டாவது பாட்டில் மிதித்தான். வெட்டுகிற டயோடு விட்டுப் போக, அடங்கியிருந்த சத்தமெல்லாம் ஒரேயடியாக எகிறி ஸ்பீக்கர் அலறியது. மாப்பிள்ளை வீட்டார் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஜோயல் நல்லவர், தாம்பரத்தில் இன்னொரு வாய்ப்புத் தருகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து பெட்டியை என் மடியில் வைத்தான். "நீ பாரேன்க்கா."

பார்த்தேன். "நீ வெச்ச எடம்தான்டா. சூடு அதிகமா காட்டிட்ட போலகீது" என்றேன். நீயே மறுபடி வை, அப்போதுதான் பழகும் என்றேன். இந்த முறை நன்றாகவே வைத்தான். பழகுகிற கைதான். தாம்பரத்துக்கு இரண்டு நாள் முன்பு நான் மறுபடி திறந்தேன்.

தாம்பரத்திலிருந்து வந்தவன் கிடாரை ஆணியில் மாட்டினான். "என் கை சரியில்லக்கா" என்றான்.

சும்மா இருந்தால் மனசு கெட்டுவிடும் என்று நான்தான் எங்கள் ஊர்க்காரர் பலராமனிடம் பேசி, இரும்புத் தகடு அமுக்கி வெட்டும் அவருடைய பிரஸ் ஷெட்டில் சேர்த்துவிட்டேன். வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வருகிற தூரம். மூன்றாவது மாதம் பிரஸ் இறங்கி அவனுடைய வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் நான் அழுத அழுகையைப் பார்த்து நர்ஸே கலங்கினாள். அது நடிப்பில்லை. அன்று பார்த்த அந்த மொண்ணைக் கை இன்றைக்கும் என் கண் முன்னால் நிற்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வந்த நாள் முதல் சோறு பிசைந்து நான்தான் ஊட்டுகிறேன், பதினொரு வயதில் ஊட்டியது போல. மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். கோபப்பட்டது, பொறாமைப்பட்டது எல்லாம் ஃபாதரிடம் சொல்கிறேன். பெடலைப் பற்றிச் சொன்னதில்லை. பாவமாக இருந்தால்தானே சொல்ல வேண்டும்.

நேற்று வேலை முடிந்து வந்தால் கிடார் அவன் மடியில் இருந்தது. சைக்கிள் டியூபை நறுக்கி, கம்பி தட்டுகிற பிளாஸ்டிக் துண்டை உள்ளங்கையோடு கட்டியிருந்தான். சத்தம் மெல்லியதாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. இடது கை ஒன்றையும் மறக்கவில்லை.

"ஓங்கித் தட்ட முடியலக்கா. பெடல் இருந்தா போதும், அது இழுத்துப் புடிச்சுக்கும். ஜோயல் அண்ணன் இந்தக் கையோடயே பரவால்ல, வான்னு லெட்டர் போட்டுக்கீறாரு." பெட்டியை நீட்டினான். "கிளிப்பிங்க இந்த தபா நீயே போட்டுக் குடு. என் கை ஆவாது. உன் கை பட்டா திரும்பி வராதுன்னு சொல்லுவாங்கல்ல."

இன்று எனக்கு லீவு. ஆனாலும் காபி குடிக்கவில்லை. சால்டரிங் சூடேறிவிட்டது. இரண்டு டயோடும் தட்டில் இருக்கின்றன, கால்களை இன்னும் சுரண்டவில்லை. அவன் எதிரில் உட்கார்ந்து, ஈஸ்டர் வாரத்தில் சிரித்த அதே சிரிப்போடு பார்த்துக்கொண்டிருக்கிறான். கேட்கிற பிள்ளைக்குச் செய்து கொடுக்காமல் இருக்க நான் என்ன கல்நெஞ்சக்காரியா. வாசிக்கட்டும், ஆசை தீர வாசிக்கட்டும். வீட்டில் அது எப்போதும் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது.