பெண் வீட்டு மீன் தொட்டி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில், பெண் பார்த்துவிட்டுத் திரும்பும் மாப்பிள்ளையும் அவனுடைய அக்கா புருஷனும்.

"பொண்ணு புடிச்சிருக்கா மச்சான்?"

"நான் எங்க மாமா பாத்தேன்? அவுங்க வீட்டு மீன் தொட்டியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கோல்டு ஃபிஷ்ஷ வுட்டுட்டு அதுலயே செடியும் வெச்சிருக்காங்க. ஒரு எல பாக்கி இல்ல, மேஞ்சி வெச்சிருக்கு."

"காப்பி குடுத்துச்சே, அப்பகூட நிமுந்து பாக்கலியா?"

"ஜன்னல் வெயில் நேரா வுழுந்து தண்ணியே பச்சையாயிடுச்சி மாமா. எந்த அறிவுகெட்டவன் தொட்டிய இங்க வெச்சதுன்னு கேட்டேன்."

"யாருகிட்ட?"

"காப்பி குடுத்தவுங்ககிட்ட."

"அய்யோ! என்னா சொல்லுச்சி?"

"நான்தான் வெச்சேன்னாங்க. தொட்டி ஃபில்டர எப்பக் கழுவுனீங்கன்னு கேட்டேன். டம்ளர எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். புதுச்சத்திரத்தில் இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை.

மாமாவுடைய போன் அடித்தது. பயந்துகொண்டே எடுத்தவர், "சரிங்க, சரிங்க" என்று சிரித்தபடி வைத்தார்.

"பொண்ணுக்குச் சம்மதமாம் மச்சான்! ஞாயித்துக்கெழம நீயே வந்து தொட்டிய எடம் மாத்தி வெக்கணுமாம்."

மாப்பிள்ளையின் முகத்தில் முதல்முறையாகக் கவலை தெரிந்தது.

"அந்த வூட்டுல பொண்ணுங்க நாலு பேரு இருந்தாங்களே மாமா. நம்ம பொண்ணு எது?"