சூடேறினால் தெரியும் பழுது

எனக்கு டீ வேண்டாம், மேடம். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன் மேசையில் டீ வைக்க மாட்டான். கீபோர்டில் கொட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அந்த ஆசையே விட்டுப்போயிற்று. நீங்கள் குடியுங்கள். என் மச்சினி இந்த ஸ்டேஷனுக்கு வந்து கத்தித் தீர்த்திருப்பாள். அவளுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும். நான் நிதானமாகச் சொல்கிறேன்.

என் மனைவி வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவள். கெட்டிக்காரி, மறுக்கவில்லை. அவள் அலுவலகத்தில் பெரிய பதவி தருகிறோம், தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு வா என்றார்கள். "நீங்களும் வாங்களேன், அங்கயும் ஒரு கடை போட்டுக்கலாம்" என்றாள். போகலாமா என்று கேட்கவில்லை, கவனியுங்கள். நீங்களும் வாங்களேன். ஏதோ பெட்டி படுக்கையோடு என்னையும் கட்டி எடுத்துப்போவது மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை.

அப்போதுதான் அவளுடைய கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. அதை நான் செய்யவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடிதம் அடித்தால் ஒன்றும் ஆகாது. பெரிய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால் திரை நீலமாகும், தானே அணைந்து தானே எழும். கேட்டவுடனேயே எனக்கு ராம் மேல், அதாவது மெமரித் துண்டின் மேல், சந்தேகம் வந்துவிட்டது. திறந்து பார்த்தேன். உள்ளே இரண்டு துண்டு. எங்கள் வேலையில் ஒரே நேரத்தில் இரண்டைத் தொட மாட்டோம். ஒன்றைக் கழற்றிவிட்டு ஓடவிடுவோம், பிறகு மற்றதைக் கழற்றுவோம். அப்படித்தான் கெட்டது எது என்று தெரிந்தது. அதிலும் ஒரு வேடிக்கை, குளிர்ந்திருக்கும்போது சோதித்தால் அது சுத்தமாகத் தேறிவிடும். வெகுநேரம் ஓடிச் சூடேறினால்தான் உளறும். அவசரக்குடுக்கைகள் கண்டுபிடிக்கவே முடியாது.

அந்தக் கெட்ட துண்டை ரப்பரால் நன்றாகத் துடைத்தேன். திரும்ப அதே இடத்தில் செருகி, பெட்டியை மூடினேன்.

"என்னங்க ஆச்சு?"

"மெஷின்ல ஒண்ணும் இல்ல. நீதான் எதையோ மாத்தி அழுத்துற."

அவ்வளவுதான் சொன்னேன். அதன்பின் படங்கள் பாதியில் போயின. சேமித்தவையும் திறக்கவில்லை. "சேவ் பண்ணேங்க, சத்தியமா பண்ணேன்" என்பாள். "பண்ணியிருந்தா இருக்குமே" என்பேன். கொஞ்ச நாளில் சத்தியம் செய்வதை விட்டுவிட்டாள். எனக்குத் தெரியாமல் வேறு கடைக்கும் தூக்கிப்போனாள். அந்தப் புத்திசாலி, பெட்டி சூடாகும் முன்பே சோதித்து, "எல்லாம் நல்லா இருக்குக்கா" என்று அனுப்பிவிட்டான். அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

பதவியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் அவள் என்னைக் கேட்க ஆரம்பித்திருந்தாள். கேஸை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று. இல்லை என்பேன். போய்ப் பார்ப்பாள், கதவு திறந்திருக்கும். நான் திறந்து வைத்திருப்பேன். வேலையை விட்டாள். பிறகு சிநேகிதிகளை விட்டாள். பிறகு போனை என்னிடமே கொடுத்துவிட்டாள். ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், மேடம். வீடு மக்கர் பண்ணாமல் ஓடியது. டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இந்த மச்சினிதான் சும்மா இருக்கவில்லை. வீட்டில் சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர் தனக்கு உதவும் என்று எடுத்துப்போனவள், அலுவலகத்தில் நாள் முழுக்கச் சோதனை போட்டிருக்கிறாள். எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, இதுல ராம் போயிருக்கு. உங்களுக்கா இது தெரியாது?"

தெரியாது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். தொழில் மானம் விடவில்லை. "பார்த்த அன்னைக்கே தெரியும்" என்றேன். பிறகு, "நாளைக்கு வந்து அக்காவக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் மாத்திரை போட்டுக்கொண்ட கையோடு, போட்டேனா என்று கேட்டாள் என் மனைவி. இல்லை என்றேன். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். சற்று நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டாள். இல்லை என்றேன். மாத்திரை அட்டை காலியாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள், நானும் சலிக்காமல் பதில் சொன்னேன். அவளைத் தங்கையோடு அனுப்புவதைவிட அது எனக்கு மேலாகத் தோன்றியது. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மாத்திரையைக்கூட நான் அவள் வாயில் திணிக்கவில்லை.

மறுநாள் வந்த மச்சினி, மயங்கிக் கிடந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு உங்களிடம் புகார் கொடுத்தாள். இன்று காலையில் என் மனைவி கண் விழித்ததும் அந்த ராமைக் கட்டில்மேல் வைத்து, நடந்ததையெல்லாம் நீங்களே அவளிடம் விளக்கினீர்கள். நான் வாசல் பக்கம்தான் நின்றிருந்தேன். அவள் சொன்னதும் என் காதில் விழுந்தது.

"அவரை ஒண்ணும் பண்ணிடாதீங்க மேடம். நான்தான் எதையாவது கெடுத்திருப்பேன். அவர் இல்லன்னா, நான் சாப்பிட்டேனா இல்லையான்னு எனக்கு யார் சொல்லுவா?"

கேட்டீர்கள் அல்லவா? உங்களுக்கும் என் மச்சினிக்கும் இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். அவளுக்கு மாத்திரை நேரமாகிறது. நான் போய்ச் சொன்னால்தான் போட்டுக்கொள்வாள்.