ரோலில் மிச்சமிருந்த மூன்று படம்

— கம்மங்கூழக் கரைச்சு முன்னால வச்சேன், வேதமணி அண்ணாச்சி. தொட்டுக்க உள்ளியும் வச்சேன். எங்க வீட்டுக்காரக தொடல. துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு கைவண்டியத் தள்ளிட்டுப் போயிட்டாக. நானும் கூப்பிடல. ஒம்பது மணிக்கு, லாரி மோதிட்டுன்னு ஆள் வந்து சொல்லுதாக.

— என்ன சண்ட கோமதி?

— ஆடித்தவசுத் திருநாளுக்கும் பழைய சேலதானான்னு கேட்டேன். அவ்வளவுதான்.

— தம்பி, அவகிட்டச் சொல்லுங்க. எம் மவன் பசியோட போயிச் சேந்தான்.

— பெரியம்மா, பக்கத்துலதான இருக்கா. நீங்களே சொல்லலாமே.

— அத்த எங்கிட்டப் பேசமாட்டாக அண்ணாச்சி. பதினாறு கழிஞ்சிட்டு. நான் பொங்குனதத் தொடுததும் இல்ல. அடுத்த வீட்டு ஆயிஷம்மா குடுக்க கஞ்சிதான் குடிக்காக.

— எம் மவன் தொடாதத நான் தொடுவனா தம்பி?

— சரி, நான் வந்த சோலியச் சொல்லிருதேன். இசக்கிப்பாண்டி படம் ஒண்ணு சுவத்துல மாட்டணும்னு சொல்லிவிட்டியே தாயி.

— ஒரு படமும் கெடையாது அண்ணாச்சி. கல்யாணத்துக்கே எடுக்கல.

— எங்கிட்ட ஒண்ணு இருக்கு, பாத்துக்கிடு. ஸ்டூடியோவுல எடுத்ததில்ல. தெருவுல எடுத்தது.

— தெருவுலயா?

— அது எனக்கொரு கிறுக்கு. கல்யாண ரோல்ல நாலு படம் மிச்சங் கெடந்தா வீணாக்க மனசு வராது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயி, மூட்ட தூக்குதவன், சாக்கட அள்ளுதவன், ரோட்டுல படுத்துக் கெடக்கவன்னு எடுத்துத் தீத்துட்டுத்தான் ரோலக் கழுவுவேன். ஊரு அழுக்கையெல்லாம் சுமந்துட்டு வாரீகளேன்னு வீட்டுல ஏசுவா. இத நேத்துதான் பிரிண்ட் போட்டேன். பாத்தா இவன்.

— குடுங்க அண்ணாச்சி.

— மாட்டுத மாதிரி இல்ல தாயி. நான் நின்னதே அவனுக்குத் தெரியாது. பனியன்ல கரி, கன்னம் வேற ஒரு பக்கம் பொடச்சு நிக்கி. கவலப்படாத. தலைய மட்டும் பெருசாக்கி, கன்னத்தச் சரிபண்ணி, வெள்ளச் சட்ட வரைஞ்சு தாரேன்.

— வண்டியில ஊனியிருக்க கையில என்னது?

— எங்கன? இதா? வட. மூக்காண்டி டீக்கட வாசல்லதான நிக்கான்.

— கடிச்ச வடயா இருக்கே.

— பாதி வாய்க்குள்ள இருக்கு. அதான் கன்னம் அப்பிடி.

— என்னைக்கு எடுத்தீக?

— அவன் போன அன்னைக்குத்தான், வெள்ளிக்கெழம. பொண்ணு வீட்டுக்காரங்க மத்தியானத்துக்குள்ள படம் வேணும்னுட்டாங்க. ரோல்ல மூணு மிச்சம். எட்டரைக்குப் போயி எடுத்து முடிச்சேன்.

— எட்டரைக்கு.

— ஆமா. இப்ப ஸ்டூடியோவுக்குப் போயி பிரஷ்ஷ வச்சு அந்தக் கன்னத்த…

— தொடாதீக அண்ணாச்சி. கன்னத்தத் தொடாதீக. கரியும் இருக்கட்டும், சட்டையும் வேண்டாம். இப்பிடியே பெருசாக்கிக் குடுங்க. நீங்க நல்லாருக்கணும். உங்க பிள்ளைக நல்லாருக்கணும்.

— எந்திரி தாயி, கால்ல எல்லாம் விழக்கூடாது. நன்றிய மேல இருக்கவருக்குச் சொல்லு. நான் என்ன செஞ்சேன்? மிச்ச ரோலத் தீத்தேன்.

— தம்பி, அத இங்கன கொண்டாங்க.

— இந்தாங்க பெரியம்மா. வெளிச்சத்துப் பக்கமாத் திரும்பிப் பாருங்க.

— ஏட்டி கோமதி.

— அத்த?

— கூழு இருந்தா ஊத்து.

— இந்தா… இந்தா ஊத்துதேன் அத்த.

— மொதல்ல இங்கன வந்து பாருட்டி. பல்லு மொளச்ச நாள்லருந்து எதக் குடுத்தாலும் எடது கன்னத்துலதான் அடக்குவான். இப்பவும் எடது கன்னந்தான்.